பள்ளியில் பூச்சி மாத்திரை நாள்: முதன்முதலாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நாளில் பூச்சி மருந்து கொடுத்துவிடலாமே" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். செலவு குறைவு, படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வேலை விழுவது பெரும்பாலும் புதிதாகச் செயற்குழுவில் சேர்ந்தவர் தலையில்தான். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியிலோ, கோயில் மண்டபத்தில் நடக்கும் டியூஷன் வகுப்பிலோ, அகதிப் பிள்ளைகள் படிக்கும் கற்றல் மையத்திலோ இப்படியொரு நாளை நடத்தக் கிளம்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத்திரையை வாயில் போடுவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும்தான் பாடு.

முதலில், தேவைதானா?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருக்கும் குடும்பங்கள் பிப்ரவரி வந்ததும், "இங்கே மாத்திரை எப்போது கொடுப்பார்கள்?" என்று கேட்பதுண்டு. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாள் குறித்து, 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைக் கொடுக்கிறார்கள். மலேசியாவில் அப்படி நாடு முழுவதற்குமான நாள் இப்போது கிடையாது. முன்பு ஒரு திட்டம் இருந்தது. 1974இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி 1983இல் நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த நம் பெரியவர்களைக் கேட்டால் அந்தக் காலத்துப் பூச்சிக் கதைகளை நிறையவே சொல்வார்கள். குழாய்த் தண்ணீரும் ஒழுங்கான கழிப்பறையும் வந்த இடங்களில் புழு தானாகக் குறைந்தது. இன்று இந்த நாட்டில் பாதிப்பு அதிகம் தெரிவது ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடியினரின் கிராமங்களில்தான்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் 20 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் புழு இருந்தால், யாருக்கு இருக்கிறது என்று தனித்தனியாகச் சோதிக்காமல் எல்லாருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். 50 சதவீதத்தைத் தாண்டினால் வருடத்துக்கு இரண்டு தடவை. சோதிக்காமல் கொடுப்பதற்குக் காரணம் எளிது: மலப் பரிசோதனைக்கு ஆகும் செலவு மாத்திரை விலையைவிட அதிகம், மருந்தோ பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் பாதிப்பே இல்லாத இடத்தில் அந்தக் கணக்கு எடுபடாது.

ஆகவே அடுக்குமாடியில் குடியிருந்து, ஃப்ளஷ் கழிப்பறை பயன்படுத்தி, செருப்பு போட்டு நடக்கும் பிள்ளைகளே நிறைந்த பள்ளியில் ஊரைக் கூட்டி மாத்திரை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்துக்குக் கழிப்பறையில் சவர்க்காரம் வாங்கி வைக்கலாம். மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள், கழிப்பறை வசதி சரியில்லாத குடியிருப்பு, பாதிப்பு அதிகமுள்ள ஊர்களிலிருந்து அண்மையில் வந்த குடும்பங்கள் என்றால் கதை வேறு. உங்கள் இடம் இதில் எந்தப் பக்கம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) டாக்டரிடம் போய், இந்த வட்டாரத்துப் பிள்ளைகளிடம் புழு பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சில பிள்ளைகளுக்கு மட்டும் மலப் பரிசோதனை செய்து பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் துறையினருக்கு இது பழக்கப்பட்ட வேலை. நேரில் போய்ப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

எந்தப் பூச்சிக்கு மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பாதி இதிலிருந்துதான் வரும், அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களில் முக்கியமானவை மூன்று. உருளைப்புழு பார்ப்பதற்கு வெளிறிய மண்புழு மாதிரி, பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். மலத்தோடு வெளியே வரும் முட்டை உடனே யாரையும் ஒன்றும் செய்யாது. ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட்ட பிறகுதான், கழுவாத கையிலும் காய்கறியிலும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய்ப் புழுவாகும். சாட்டைப்புழு சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆனால் பெருங்குடல் சுவரில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். அதுவும் வாய் வழியாகத்தான் வருகிறது. கொக்கிப்புழு மட்டும் வேறு வழி: அதன் குஞ்சுகள் மண்ணில் காத்திருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும், அப்புறம் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். சோகை பிடித்த பிள்ளை என்றால் டாக்டர்கள் இதை மறக்காமல் நினைப்பது அதனால்தான்.

நான்காவது கீரிப்பூச்சி. நகரத்துப் பிள்ளைகளிடம் நீங்கள் பெரும்பாலும் கேள்விப்படப்போவது இதுதான். வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும், ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு எடுக்கும். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொறிந்த நகத்திலிருந்து வாய்க்கு, படுக்கை விரிப்பிலிருந்து தம்பி தங்கைக்கு என்று வீட்டுக்குள்ளேயே சுற்றும். பள்ளியில் ஒரு நாள் கொடுக்கும் மாத்திரையால் இதை ஒழிக்க முடியாது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை சாப்பிட வேண்டும். அன்றே விரிப்பு, தலையணை உறை, உள்ளாடைகளைச் சுடுதண்ணீரில் துவைத்துவிட வேண்டும்.

இனிப்பு தின்றால் பூச்சி வரும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி, முகத்தில் வெள்ளைத் தேமல் வந்தால் பூச்சி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இனிப்பினால் புழு வராது. முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். பல் கடிப்பதும் தேமலும் புழுவுக்கு அடையாளம் அல்ல. பாட்டிகளோடு சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் சங்கத்தின் அறிவிப்பில் இவற்றை எழுதாதீர்கள்.

அனுமதி

தலைமையாசிரியர் சரி என்றால் மட்டும் போதாது. பள்ளி வளாகத்தில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதென்றால் கல்வி அலுவலகத்துக்கும் உங்கள் பகுதிச் சுகாதார அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலும் எழுத்தில் வர வேண்டும். ஆண்டு 1 பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வரும் பள்ளிச் சுகாதாரக் குழுவை உங்கள் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும், அவர்களிடமே முதலில் பேசுங்கள். மாத்திரையைக் கொடுக்கும் பொறுப்பு ஒரு டாக்டர் அல்லது மருந்தாளர் கையில் இருக்கட்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் வரிசையைப் பார்த்துக்கொள்ளலாம், பெயரைச் சரிபார்க்கலாம். மருந்துப் பெட்டி அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

மருந்து வாங்குவது

இரண்டு மருந்துகள்தான் இந்த வேலைக்கு வழக்கம்: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை, அல்லது மெபெண்டசோல் 500 மில்லிகிராம் ஒரே தடவை. ஒல்லியான ஆண்டு 1 பிள்ளைக்கும் வாட்டசாட்டமான ஆண்டு 6 பிள்ளைக்கும் ஒரே அளவுதான். "என் பையன் எடை குறைவு, பாதி கொடுங்கள்" என்று கேட்டு வருவார்கள், தேவையில்லை. 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு மட்டும் அல்பெண்டசோல் பாதி அளவு, 200 மில்லிகிராம். ஒரு வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. பைரன்டெல் என்ற மருந்தும் கடையில் கிடைக்கும், ஆனால் அது உடல் எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டியது, சாட்டைப்புழுவிடம் வேலையும் செய்யாது. கூட்டமாகக் கொடுப்பதற்கு அது தோதுப்படாது.

வாங்கும்போது பெட்டியில் மாத்திரையின் அளவைப் பாருங்கள். 200 மில்லிகிராம் மாத்திரையானால் ஒரு பிள்ளைக்கு இரண்டு. இதைக் கவனிக்காமல் எண்ணிக்கையைப் பாதியாகப் போட்டு வாங்கி வந்து, கடைசி வகுப்புக்கு மாத்திரை இல்லாமல் நிற்கும் சங்கங்கள் உண்டு. பெட்டியில் MAL என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். காலாவதித் தேதியைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மாட்டு ஜெலட்டின் கலந்திருக்குமோ என்று கேட்கும் வீடுகள் நம்மில் இருக்கும். மருந்தாளரிடம் மூலப்பொருள் விவரத்தை முன்கூட்டியே கேட்டு அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பிறகு வாதமே வராது.

பலன் எவ்வளவு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு தடவை அல்பெண்டசோல் சாப்பிட்டால் உருளைப்புழு பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போய்விடும், கொக்கிப்புழு எட்டுப் பேருக்கு. சாட்டைப்புழுவோ பத்தில் மூன்று பேருக்குத்தான் முழுதாகப் போகும், மற்றவர்களுக்கு எண்ணிக்கை குறையும். மருந்து சாப்பிட்டதும் படிப்பில் மார்க் ஏறும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கென்யாவில் எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரேமர் இருவரும் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வருகை கூடியதாகச் சொன்னது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வுகளோ, எல்லாருக்கும் கொடுப்பதால் எடையிலும் படிப்பிலும் சராசரியாகப் பெரிய மாற்றம் தெரியவில்லை என்கின்றன. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. புழு உள்ள பிள்ளைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

படிவம்

சம்மதப் படிவம் தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில் இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்குப் போக வேண்டும். கேட்க வேண்டியவை: இந்த மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததா, வலிப்பு நோய் உண்டா, கல்லீரல் நோய் உண்டா, தொடர்ந்து சாப்பிடும் மருந்து என்ன, கடந்த ஆறு மாதத்தில் பூச்சி மருந்து சாப்பிட்டதா. ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அந்தப் படிவத்தைத் தனியே எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பு என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில வலிப்பு மருந்துகள் அல்பெண்டசோலின் அளவை உடலில் குறைத்துவிடும். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்து வலிப்பு வரும் பிள்ளைக்கு இந்த மருந்தே தொந்தரவைக் கிளப்பலாம்.

இடைநிலைப்பள்ளி மாணவிகளும் வருகிறார்கள் என்றால் இன்னொன்று உண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. இதைப் படிவத்தில் அச்சடித்து வகுப்பில் விநியோகிக்காதீர்கள். பெண் தாதி ஒருவர் தனியாக அழைத்துக் கேட்கட்டும்.

கையெழுத்து வராத பிள்ளைக்கு மாத்திரை இல்லை. "அம்மா சரின்னு சொன்னாங்க டீச்சர்" செல்லாது.

படிவம் போன அன்று இரவே வகுப்புப் புலனக் குழுவில் எங்கிருந்தோ ஒரு குரல்பதிவு வரும்: அந்த ஊரில் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம். அதற்குக் குழுவில் பதில் எழுதிக் கொண்டிருக்காதீர்கள். ஒரு மாலை நேரம் டாக்டரைப் பள்ளிக்கு வரவழைத்துப் பெற்றோர் நேரில் கேட்கும்படி செய்யுங்கள், வராதவர்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

அந்த நாள்

வெள்ளிக்கிழமை வேண்டாம். மறுநாள் பள்ளி இல்லாததால் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் போகும். நோன்பு மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள், நம் பள்ளியில் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நேரம், ஓய்வு வேளை முடிந்ததும். வெறும் வயிறு தேவையில்லை, முதல் நாள் இரவு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கவும் தேவையில்லை. சிற்றுண்டிச் சாலையில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பாதகமில்லை.

மூன்று மேசை போதும். முதல் மேசையில் வகுப்பாசிரியர், பெயர்ப் பட்டியல், படிவக் கட்டு. ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பது நம் பள்ளிகளில் சகஜம், தந்தை பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். "உடம்பு சரியா இருக்கா? காய்ச்சல் இருக்கா? வயிறு வலிக்குதா?" என்று இங்கேயே கேட்டுவிட வேண்டும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு இன்று இல்லை, இன்னொரு நாள்.

இரண்டாவது மேசையில் மருந்தாளர். மாத்திரையைப் பிள்ளை மென்று தின்ன வேண்டும், முழுதாக விழுங்கக் கூடாது. இந்த நாள் முழுவதிலும் உயிருக்கு ஆபத்தானவற்றில் முக்கியமானது மாத்திரை தொண்டையில் அடைப்பதுதான். அதனால் அழுகிற பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், மூக்கைப் பிடித்து வாயைத் திறக்காதீர்கள், தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டிக்கு நடுவில் மாத்திரையை வைத்து அழுத்தி மாவாக நொறுக்கி, கொஞ்சம் தண்ணீரில் கலந்து, அங்கேயே குடிக்கக் கொடுங்கள். அடம் பிடித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்று முதலுதவி தெரிந்த ஒருவர் இந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், கேண்டீனில் அல்ல.

கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பும் கில்லாடிகள் எல்லா வகுப்பிலும் உண்டு. மூன்றாவது மேசையில் தண்ணீர் குடித்ததும், "உன் வகுப்பு எது, டீச்சர் பேர் என்ன, மத்தியானம் என்ன சாப்பாடு?" என்று பேச்சுக் கொடுங்கள். வாயில் மாத்திரை இருந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். விழுங்கியது உறுதியான பிறகு இடது சுண்டுவிரல் நகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி, பட்டியலில் ஒரு டிக். புள்ளி இல்லாமல் டிக் போடாதீர்கள்.

பிறகு அரை மணி நேரம் வகுப்பிலேயே உட்காரட்டும், உடற்பயிற்சி பாடம் வேண்டாம். ஒரு சிலருக்கு வயிற்று வலி, குமட்டல், வாந்தி, தலைவலி வரலாம். புழு நிறைய இருக்கிற பிள்ளைக்கு அது கொஞ்சம் கூடுதலாக வரும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். வாந்தி எடுத்த பிள்ளையைச் சத்தமில்லாமல் வேறு அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள். வகுப்புக்கு நடுவில் பரபரத்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். பயமும் தொற்றும். முகம் வீங்குவது, உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 999க்கு அழையுங்கள்.

வீட்டுக்குப் போகும் துண்டுச் சீட்டு

மத்தியானம் பையில் ஒரு சீட்டு போக வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, என்ன அளவு, யாரை அழைப்பது. அதோடு, அடுத்த சில நாட்களில் மலத்தில் புழு வரலாம், அசைந்துகொண்டும் வரலாம், பயப்பட வேண்டாம் என்று எழுதுங்கள். இந்த மருந்து புழு சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ள முடியாமல் செய்து அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறது, அதனால் உடனே வெளியேறாமல் மெல்லத்தான் வரும். ஒன்றுமே வராவிட்டால் மருந்து போலி என்று அர்த்தமில்லை, புழு இல்லாமலே இருந்திருக்கலாம். வயிறு உப்பி, கடுமையான வலியோடு வாந்தி நிற்காமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். நிறைய உருளைப்புழு திரண்டு குடலை அடைத்திருக்கக் கூடும்.

சீட்டின் பின்பக்கம் வீட்டில் செய்ய வேண்டியதைப் போடுங்கள்: கழிப்பறைக்குப் பின்னும் சாப்பாட்டுக்கு முன்னும் சவர்க்காரம், நகம் வெட்டுவது, வெளியே போனால் செருப்பு, பச்சையாகச் சாப்பிடும் உலாம் இலைகளை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது. மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும், நாளைக்கு வரப்போவதைத் தடுக்காது. மண்ணும் கழிப்பறையும் அப்படியே இருக்கிற இடங்களில் சில மாதங்களிலேயே பாதிப் பிள்ளைகளுக்கு மேல் திரும்பவும் தொற்றிக்கொள்ளும். பள்ளிக் கழிப்பறைக்குள் நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் இருக்கிறதா, கதவு சாத்துகிறதா? சங்கக் கூட்டத்தில் மாத்திரைக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது, ஆனாலும் கணக்கில் இதற்கொரு தொகை ஒதுக்குங்கள்.

விட்டுப்போனவர்கள், மீந்தது

அன்று வராதவர்கள், காய்ச்சலால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அடம் பிடித்தவர்கள் ஆகியோரின் பட்டியலை அன்று மாலையே எழுதிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் அதே டாக்டர் அல்லது மருந்தாளரை வைத்து அவர்களுக்கு மட்டும் இன்னொரு காலை. வீட்டுக்கு மாத்திரையைக் கொடுத்தனுப்பாதீர்கள். ஒரே மாத்திரையை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பதும், பள்ளியில் ஏற்கெனவே சாப்பிட்டவனுக்கே இன்னொன்று போய்ச் சேர்வதும் அப்படித்தான் நடக்கும்.

மீந்த மாத்திரைகளை எண்ணி, கொடுத்த எண்ணிக்கையோடு கூட்டிப் பாருங்கள். வாங்கியதற்குச் சரியாக வர வேண்டும். அவற்றைச் சங்க அறை அலமாரியில் பூட்டி வைக்காமல் மருந்தாளரிடமே ஒப்படைத்துவிடுங்கள். சம்மதப் படிவம், டிக் போட்ட பட்டியல், வாந்தி எடுத்தவர்களின் விவரம், வாங்கிய ரசீது, மருந்துப் பெட்டியில் உள்ள தொகுப்பு எண் எல்லாம் ஒரே கோப்பில் போய்ச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு நகல், பள்ளிக்கு ஒரு நகல். அடுத்த வருடம் கொடுப்பதா வேண்டாமா என்று கிளினிக் டாக்டரிடம் திரும்பக் கேட்கும்போது அந்தக் கோப்பைக் கையோடு எடுத்துப் போங்கள்.